பழுது ஒன்றுமில்லை

பிப்ரவரி 3

மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இதைப் பிரித்துப் படிப்பாயா, பிரிக்காமல் மேசைமேல் போட்டுவைப்பாயா, தெரியவில்லை. போனில் பேசிப் பார்த்தாயிற்று. ஒன்று நீ வைத்துவிடுகிறாய், இல்லை நான் அழுதுவிடுகிறேன், இரண்டும் இல்லையென்றால் அப்பா வந்து பிடுங்கிக்கொள்கிறார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டே வயதைக் கழித்தவளுக்கு, பெற்ற பிள்ளையோடு முழுசாக ஒரு கால் பேச வாய்க்கவில்லை. அதனால்தான் காகிதம். இதை யாரும் பாதியில் துண்டிக்க முடியாது.

போன தடவை, மனநல ஆலோசகர் ஒருவரிடம் போய்க்கொண்டிருக்கிறேன் என்றாய். உண்மையைச் சொல்கிறேன், வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பிள்ளைக்கே இதிலிருந்து வெளியே வரவேண்டும் என்று தோன்றிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தானே தெரிந்தது, உன்னிடம் ஒரு குறையும் இல்லை என்று அந்தப் பெண் சொல்கிறாளாம். குறை இல்லையென்றால் வாராவாரம் எதற்கடா போகிறாய்? பல்லில் ஒன்றுமில்லை என்று சொல்கிற டாக்டரிடம் யாராவது திரும்பத் திரும்பப் போய் வாயைத் திறப்பார்களா?

உன் சித்திக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் இருக்கிறார். இந்த விஷயத்தில் நிறையப் பேரைப் பார்த்தவராம். வெளியே யாருக்கும் தெரியாது. ஒரு மாதம் லீவு போட்டுவிட்டு வா. வந்து பார்ப்போம். பார்ப்பதில் என்ன நஷ்டம்?

அப்பா உன் பேச்சையே எடுப்பதில்லை. டெப்போவில் டைம் கீப்பராக இருந்த மனுஷன், எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது போனது என்பதைத் தவிர அவருக்குப் பேச்சே கிடையாது என்று நாம் கேலி செய்வோமே, இப்போது அந்தப் பேச்சும் நின்றுவிட்டது. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்துபோகிறார். எனக்கு அலுத்துவிட்டது. உன்னைக் குறை சொல்ல உட்காரவில்லை. அலுப்பைச் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா


பிப்ரவரி 19

அம்மா,

படித்தேன். ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து படித்தேன். கீழே ஆறு மாடிக்காரர்களும் படியேறிக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் படிக்கச் சுலபமாக இருந்தது.

எதற்குப் போகிறேன் என்று கேட்டாய். சொல்கிறேன். இதுவரை உன்னிடம் சொல்லாததைச் சொல்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் அப்பா போனில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "உன்னப் பெத்ததுக்கு ஒரு கல்லப் பெத்திருக்கலாம்" என்றார். பின்னால் உன் சத்தம் கேட்டது. நீ அவரைத் தடுத்தாயா, ஆமோதித்தாயா, இன்றுவரை எனக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறுவதற்கு முன்னால் நிறுத்தும் பொத்தானை அழுத்தவேண்டும். இந்த வேலையில் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். தூக்கத்தில்கூடக் கை தானாக அழுத்தும். அன்றைக்கு நான் அழுத்தவில்லை. மேலே யாரோ கூப்பிட்டார்கள், பெட்டி என்னோடு மேலே கிளம்பிவிட்டது. கூட வந்தவன் மோட்டார் அறையில் இருந்ததால் மெயினை அணைத்தான். மேல்தளத்துக்கும் நான் நின்ற பெட்டிக் கூரைக்கும் நடுவே ஒரு ஆள் குனிந்து உட்காரும் இடம் மிச்சம்.

சாக நினைத்தேன் என்று சொல்லவில்லை. பிழைக்க வேண்டும் என்கிற அக்கறை அன்றைக்கு இல்லை, அவ்வளவுதான். சூப்பர்வைசர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, "யாரையாவது போய்ப் பாரு, பாத்துட்டு வந்து மேல ஏறு" என்றார்.

அப்படிப் போனதுதான். முதல் நாள் நானும் உன்னைப் போலத்தான் கேட்டேன், என்னை மாற்ற முடியுமா என்று. அந்த ஆலோசகர் என் வயதுக்காரர். சுற்றி வளைக்கவில்லை. "முடியாது. முடிஞ்சாலும் செய்ய மாட்டேன். இது நோயில்ல. ஆனா உங்களுக்கு வலிக்குது, அது நிஜம். அதப் பத்திப் பேசலாம்" என்றார்.  

சித்தி சொல்லும் டாக்டர் வேண்டாம். படிப்பு முடித்த வருஷம் ஒருவரைப் பார்த்தோமே, அது போதும். நீதான் கூட வந்தாய். அந்த மாத்திரைகள் தின்று வாய் காய்ந்து, கை நடுங்கி, இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டித் தூங்கிப்போய், எத்தனை தடவை கடைசி நிறுத்தத்திலிருந்து திரும்பி நடந்திருப்பேன். மாத்திரையை நிறுத்திய பிறகு தூக்கமும் சேர்ந்து நின்றுவிட்டது. இன்றுவரை சரியாகத் திரும்பவில்லை. அதைப் பற்றி நம் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

'இந்த விஷயம்' என்று எழுதியிருக்கிறாய். நான் ஆண்களை விரும்புகிறவன், அம்மா. நெட்டை என்று நான் கூப்பிடுகிறவனோடு வாழ்கிறேன். அவன் கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கிறான், பூனை பிறாண்டாத இடம் அவன் கையில் இல்லை. இதில் எந்த வார்த்தை உன் பேனாவுக்குள் வராது?

நான் வரவில்லை.

உன் மகன்


மார்ச் 8

மகனுக்கு,

அந்த லிஃப்ட் விஷயத்தைப் படித்த பிறகு எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் தாங்கமாட்டார். தாங்கமாட்டார் என்று நான் சொல்வது உனக்கு எரிச்சலாக இருக்கும். இருக்கட்டும்.

நீ ஒன்றைத் தெரிந்துகொள். நாங்கள் உன்னைக் கொடுமை செய்ய அந்த டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை. காய்ச்சல் வந்தால் எங்கே போவோமோ அந்த மாதிரிப் போனோம். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பெரிய படிப்புப் படித்தவர், சுவர் முழுக்கச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அவர் சொன்னதை நாங்கள் நம்பாமல் வேறு எதை நம்புவது?

இன்னொன்று. நீ கோபப்படுவாய் என்று தெரிந்தே சொல்கிறேன். உன் ஆலோசகரிடம் பேசினேன். நீ தெருப் பெயரைச் சொல்லியிருந்தாய், நம்பர் கண்டுபிடிப்பது எனக்குப் பெரிய வித்தையா? என் மகன் உங்களிடம் வருகிறான், அவன் மனதில் என்ன ஏற்றிவைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அந்தப் பெண், இங்கே யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்று நான் யாரிடமும் சொல்வதில்லை அம்மா என்றாள். நான் பெற்றவள் என்றேன். புரிகிறது அம்மா என்றாள். அழுதேன். அதற்கும் மசியவில்லை. உன் பேரைக்கூட அவள் வாயால் வரவழைக்க முடியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கேட்ட குரல் எனக்குத் தெரிந்த குரல்தான். அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்கி வெளியே விடாமல் உட்கார்ந்திருக்கிற குரல். நானும் அப்படி உட்கார்ந்தவள்தானே.

கடைசியில் அவள் சொன்னாள், "உங்களுக்கே யார்கிட்டயாவது பேசணும்னு தோணுச்சுன்னா, உங்க ஊர்லயே பெத்தவங்களோட பேசுறவங்க ஒருத்தங்க இருக்காங்க, நம்பர் தரேன்." எனக்கு என்ன வந்தது? நான் எதற்குப் பேசவேண்டும்? வைத்துவிட்டேன்.

அவள் உன்னை எங்களிடமிருந்து பிரிக்கிறாள். முன்னேயெல்லாம் சண்டை போடுவாய், கத்துவாய். இந்தக் கடிதத்தில் நீ கத்தவேயில்லை. நான் வரவில்லை என்று இரண்டே வார்த்தை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

அம்மா


மார்ச் 27

அம்மா,

நீ போன் செய்தது எனக்கு உன் கடிதத்தில்தான் தெரியும். அவர் என்னிடம் மூச்சுவிடவில்லை. போய்க் கேட்டேன். "உங்க அம்மா உங்ககிட்ட சொல்றதுதான் முறை, நான் சொல்றதில்ல" என்றார். கோபப்படலாம் என்றுதான் போயிருந்தேன்.

பிரிக்கிறாள் என்கிறாய். நீ நினைப்பது போல அங்கே யாரும் உங்களைத் திட்டுவதில்லை. நான்தான் திட்டுகிறேன். அவர் கேட்டுக்கொள்கிறார். ஒரு நாள் கேட்டார், உங்க அம்மா அப்பாவிடமிருந்து எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று. பெரிதாக ஏதோ சொல்லப்போகிறேன் என்று வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: அம்மா போனில் 'சாப்பிட்டியா' என்று கேட்கிற மாதிரி, நெட்டையைப் பற்றியும் 'அவன் சாப்பிட்டானா' என்று ஒரு தடவை கேட்கவேண்டும். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. இதற்காகவா இத்தனை வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. "அது வராமலே போயிட்டா என்ன பண்ணுவீங்க?" என்றார்.

அந்தக் கேள்விக்காக அவர்மேல் எனக்கு வந்த கோபம் அப்பாமேல்கூட வந்ததில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போவதை நிறுத்திவிட்டேன். வீட்டில் பேசவில்லை. பாத்திரத்தை ஓங்கிவைத்தேன். நெட்டை ஒன்றும் கேட்காமல் ஓங்கிவைத்த பாத்திரத்தையெல்லாம் எடுத்துத் துடைத்து அடுக்கினான். பிறகு நானாகத்தான் திரும்பப் போனேன். அந்தக் கேள்விக்கு இப்போதும் என்னிடம் பதில் கிடையாது. ஆனால் அதைக் கேட்டாலே மூச்சு முட்டுகிறது என்கிற நிலைமை போய்விட்டது.

நான் கத்தாததற்குக் காரணம் இதுதான். விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. களைத்துவிட்டேன்.

இனி ஒன்று செய்கிறேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் எதுவானாலும் பதில் போடுவேன். அப்பாவின் கோபத்தை எழுது, உன் அழுகையை எழுது, அண்டை அயலார் பேச்சை எழுது. ஆனால் டாக்டர், வைத்தியம், குணமாவது, பெண் பார்ப்பது, இதில் எது இருந்தாலும் அந்தக் கடிதத்துக்குப் பதில் வராது. நான் பழுதான சாமான் இல்லை. தண்டிப்பதற்காகச் சொல்லவில்லை, என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்கிறேன்.

உன் மகன்


ஏப்ரல் 15

மகனுக்கு,

பெரிய ஆபீஸர் மாதிரி உத்தரவு போட்டு எழுதியிருக்கிறாய். சரி.

இத்துடன் ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். கோபப்படாதே, பார்த்தால் போதும். தபால் ஆபீஸில் வேலை, நல்ல குடும்பம், சிரித்த முகம். அவளிடம் எதையும் மறைக்கவேண்டாம், கல்யாணத்துக்குப் பிறகு எல்லாம் தானாகச் சரியாகும் என்று சித்தி சொல்கிறாள். எத்தனையோ பேருக்கு ஆகியிருக்கிறதாம். என் கண் மூடுவதற்குள் ஒரு தடவை பார்.

அம்மா


ஜூன் 30

மகனுக்கு,

பதில் வரவில்லை. சொன்னதைச் செய்கிற பிள்ளையாகத்தான் வளர்த்திருக்கிறேன், வேறு யாரைச் சொல்ல?

போட்டோவைத் திருப்பி அனுப்பவேண்டாம். நான் சித்தியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்றாள். அந்தப் பெண்ணுக்கும் ஒரு அம்மா இருப்பாள் இல்லையா என்றேன். அவள் புரியாமல் பார்த்தாள். எனக்கும் அதைச் சொன்ன பிறகுதான் புரிந்தது.

தபால்காரர் எங்கள் தெருவில் நுழைகிற சத்தம் எனக்குத் தெரியும். கேட்டைத் திறக்காமல் தாண்டிப் போகிற சத்தமும் தெரியும். மே மாதம் முழுக்க அந்தச் சத்தம்தான்.

சரி, ஒரு கதை சொல்கிறேன். உன் ஆலோசகர் நம்பர் தருகிறேன் என்றபோது வைத்துவிட்டேன் என்று எழுதினேனே, அது பாதி நிஜம். அவள் நம்பரைச் சொல்லி முடித்த பிறகுதான் வைத்தேன். யார் நம்பர் சொன்னாலும் என் கை தானாக எழுதிக்கொள்ளும், பழக்கதோஷம். அந்தத் துண்டுக் காகிதம் அலமாரியில் கிடந்தது. உன் கடிதம் வராத எரிச்சலில் ஒரு நாள் அந்த நம்பரைச் சுற்றிவிட்டேன். பெற்றவர்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசுகிற கூட்டம் மாதாமாதம் நடக்கிறதாம். எக்ஸ்சேஞ்சில் கூட வேலை பார்த்தவளுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

ஒரு டியூஷன் சென்டர் மாடி. கரும்பலகையில் பாதி அழித்த கணக்கு. பிளாஸ்டிக் நாற்காலிகள். என்னையும் சேர்த்து நாலு பேர். டை கட்டிய ஒரு பாங்க் மானேஜர், நான் ஒரு நண்பரின் மகனுக்காக வந்திருக்கிறேன் என்றார். ஒரு தையல்காரம்மா, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காக என்றாள். இன்னொருத்தி, நாத்தனார் பிள்ளைக்காக. என் முறை வந்தது. கூட வேலை பார்த்த தோழியின் மகன் என்றேன். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். இத்தனை நல்ல மனசுக்காரர்கள் ஒரே அறையில் கூடியது அன்றைக்குத்தான் இருக்கும்.

கூட்டத்தை நடத்துகிறவள் சிரிக்கவில்லை. "சரி, அந்த நண்பருங்க எல்லாரும் எப்படி இருக்காங்க? சாப்பிடுறாங்களா, தூங்குறாங்களா?" என்று மட்டும் கேட்டாள். தையல்காரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

என் தோழி தூங்குவதில்லை என்றேன்.

அங்கே யாரும் எனக்குப் பாடம் நடத்தவில்லை. மாறு என்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது கால் வலித்தது, மனசு அப்படியேதான் இருந்தது. ஒன்றும் நடந்துவிடவில்லை. சொல்லவேண்டும் போல இருந்தது, சொன்னேன்.

இந்தக் கடிதத்தில் நீ எழுதாதே என்றது எதுவும் இல்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன்.

அம்மா


ஜூலை 14

அம்மா,

கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் நெட்டை குளியலறையிலிருந்து சோப்போடு எட்டிப் பார்த்தான். அவனுக்கும் படித்துக் காட்டினேன். தோழியின் மகன் என்கிற இடத்தில் சிரித்தான். தூங்குவதில்லை என்கிற இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. உன் தோழியை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னான்.

இத்தனை மாதம் எழுதாமல் இருந்தது எனக்கும் சுலபமாக இல்லை. தினமும் மனதுக்குள் ஒரு கடிதம் எழுதி அழிப்பேன். ஆலோசகரிடம், நான் செய்வது வீம்பா என்று கேட்டேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்றார். அவரிடம் இதுதான் தொல்லை, எந்தக் கேள்வியையும் தன்னிடம் வைத்துக்கொள்ள மாட்டார், உடனே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

எங்களுக்கு இங்கே வேறு வீடு கிடைத்துவிட்டது. பழைய வீட்டுக்காரர் ஒரு நாள் வந்து, நீங்கள் இருவரும் யார், என்ன உறவு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நெட்டை, "சேர்ந்து வாழுறோம் சார்" என்றான். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். சாமான் தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது. புது வீட்டுக்கார அம்மாவுக்கு நாங்கள் யாராக இருந்தாலும் கவலையில்லை, குழாயைச் சொட்டவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அம்மா, ஒன்று கேட்கிறேன். வீட்டுக்கு வர எனக்கு இன்னும் தெம்பு இல்லை. அப்பா முன்னால் நிற்க முடியாது. ஆனால் உனக்கும் எனக்கும் நடுவில் அந்த ரயில் சந்திப்பு இருக்கிறதே, அங்கே நீ காலை வண்டியில் வந்தால் சாயங்கால வண்டியில் திரும்பிவிடலாம். ஆகஸ்ட் முதல் ஞாயிறு. முதல் பிளாட்பாரத்தில் காத்திருப்போர் அறைக்கு வெளியே பெஞ்சில் இருப்போம். இருப்போம் என்றுதான் எழுதுகிறேன். அவனை விட்டுவிட்டு நான் வரமாட்டேன். பேசவேண்டாம் என்றால் பேசவேண்டாம். டீ குடித்துவிட்டுப் போகலாம்.

முடியாது என்றால் முடியாது என்று எழுதிவிடு. எழுதாவிட்டால் வருகிறாய் என்று எடுத்துக்கொள்வேன்.

உன் மகன்


ஆகஸ்ட் 9

அம்மா,

சாயங்கால வண்டி வரும் நேரம்வரை இருந்தோம். காலை வண்டி தாமதம் என்று நினைத்தேன், இல்லை, நேரத்துக்குத்தான் வந்தது. எல்லாரும் இறங்கிப் போகும்வரை பார்த்தேன். உனக்கு உடம்பு சரியில்லையோ என்று, உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிற அக்காவுக்குப் போன் செய்தேன். நன்றாகத்தான் இருக்கிறாயாம்.

வேறு எழுதத் தோன்றவில்லை.

உன் மகன்


ஆகஸ்ட் 20

மகனுக்கு,

நான் வந்தேன்.

காலை வண்டியில்தான் வந்தேன். நீங்கள் முதல் பிளாட்பாரத்தில் இருப்பதாகச் சொன்னதால், கடைசிப் பெட்டியில் ஏறி, எல்லாருக்கும் பின்னால் இறங்கி, தூரத்திலிருந்த மேம்பாலத்தில் ஏறிக்கொண்டேன். மேலேயிருந்து ஒரு தடவை பார்த்துவிட்டுக் கீழே இறங்கலாம் என்றுதான் ஏறினேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

நீ நீலச் சட்டை. அந்தப் பையன் உட்கார்ந்திருந்தபோதே நெட்டை என்று தெரிந்தது. இடது கையில் கட்டுப் போட்டிருந்தான். நான் என்ன பார்க்கப்போகிறேன் என்று பயந்தேனோ, அந்த மாதிரி ஒன்றும் இல்லை. பேப்பர் படித்தீர்கள். டீ குடித்தீர்கள். வருகிற போகிற வண்டியை எழுந்து எழுந்து பார்த்தீர்கள். வீட்டில் ஒருத்தர் ஆஸ்பத்திரியில் இருந்தால் வெளியே உட்கார்ந்திருப்பார்களே, அந்த முகம் இரண்டு பேருக்கும்.

மத்தியானம் நீ தூங்கிவிட்டாய். உட்கார்ந்தபடியே தலை சாய்ந்து அவன் தோளில் விழுந்தது. அவன் அசையவில்லை. வெயில் அவன் முகத்துக்கு வந்தது, அப்போதும் அசையவில்லை. கட்டுப் போட்ட கையால் பேப்பரை எடுத்து உன் முகத்துக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டான். கை மாற்றக்கூட முடியாது, அந்தப் பக்கம் நீ. வெகு நேரம் அப்படியே இருந்தான். என் பக்கத்தில் கடலை விற்கிறவன், என்னம்மா யாரையாவது தேடுறீங்களா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டான்.

அந்த மாத்திரைக் காலத்துக்குப் பிறகு நீ அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் உன் அறையில் நீ புரள்கிற சத்தம்தான் கேட்கும்.

இறங்கியிருக்கலாம். எத்தனை படி இருக்கும் அங்கே? காலை எடுத்து வைக்கிறேன், வரவில்லை. வெறுப்பு இல்லை. வெறுப்பு என்றால் திரும்பி நடந்திருப்பேன், அதுவும் முடியவில்லையே. இறங்கி வந்தால் உன்னை எழுப்பவேண்டும். எழுப்பினால் என்ன பேசுவது? இத்தனை நாள் பேசியதையெல்லாம் எங்கே வைத்துக்கொண்டு பேசுவது? அதற்குத்தான் கால் வரவில்லை.

நீங்கள் எழுந்து பையை மாட்டிக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் நான் என் வண்டிக்குப் போனேன். அப்பாவிடம், கூட வேலை பார்த்தவளுக்கு இன்னும் உடம்பு தேறவில்லை என்றேன்.

திட்டு. நேராகத் திட்டி எழுது.

அம்மா


செப்டம்பர் 12

அம்மா,

உடனே எழுதியிருந்தால் நீ கேட்ட மாதிரி திட்டித்தான் எழுதியிருப்பேன். அதனால் தள்ளிப்போட்டேன்.

அன்றைக்கு நான் தூங்கியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. விழித்தபோது முதலில் தோன்றியது, ஐயோ அம்மா வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பாளோ என்றுதான். இவன், "யாரும் வரல, தூங்கு" என்றான். நீ வந்திருக்கிறாய்.

ஆலோசகரிடம் உன் கடிதத்தை எடுத்துப் போய்ப் படித்தேன்.  அம்மாவை மன்னித்துவிடுங்கள் என்பார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. கோபப்படுவது உங்கள் உரிமை என்று சொல்வாரோ என்றும் எதிர்பார்த்தேன். அதையும் சொல்லவில்லை. "இப்ப என்ன தோணுது?" என்றார். அசதியாக இருக்கிறது என்றேன். யாரையாவது எதிர்பார்த்துக் கழுத்தைத் திருப்பித் திருப்பியே கழுத்து பிடித்துக்கொண்ட மாதிரி. இனி திருப்பவேண்டாம் என்று தோன்றுகிறது என்றேன். அப்படிச் சொன்னபோது அழுதேன். ஆனால் அந்த அழுகை வேறு மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

அதனால் இதைக் கேள். இனி எந்த ஸ்டேஷனிலும் நான் உனக்காகக் காத்திருக்க மாட்டேன். கோபத்தில் சொல்வதாக நினைக்காதே. உன்னைக் கூப்பிடவும் மாட்டேன், வராதே என்றும் சொல்ல மாட்டேன். கடிதத்துக்குப் பதில் போடுவேன். புது வீட்டு விலாசத்தை மறுபடியும் மேலே எழுதியிருக்கிறேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் லிஃப்ட் இல்லை என்று தெருவே சிரிக்கிறது. உன் முழங்காலுக்கு ஆகாது, நின்று நின்று ஏறவேண்டும்.

நீ வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு இங்கே ஒரு வாழ்க்கை இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு இத்தனை வயது ஆகியிருக்கிறது.

நீ மேம்பாலத்திலிருந்து பார்த்ததை எனக்கு எழுதினாயே, அதை எழுதாமலே இருந்திருக்கலாம். எழுதினாய். அதை மறக்கமாட்டேன்.

உன் மகன்


அக்டோபர் 6

மகனுக்கு,

இந்த மாதம் கூட்டத்துக்குப் போனேன். தையல்காரம்மா, என் மகள் என்று சொல்லிவிட்டாள். பாங்க் மானேஜர் இன்னும் நண்பர் மகன்தான். நான் என்ன சொன்னேன் என்பதை எழுதப் போவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். தோழிக்கு உடம்பு ஒன்றுமில்லை, நான் போனது வேறு இடம் என்று ஆரம்பித்து, ரயில் சந்திப்பு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். பொய்யை ஞாபகம் வைத்துக்கொள்கிற வயது போய்விட்டது எனக்கு. லிஃப்ட் கூரைமேல் நீ நின்றதையும் சொன்னேன். அன்றைக்குக் காலையில் போனில் அவர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சாப்பாட்டு நேரம் தாண்டி வந்தார். ஒரு நாளும் நேரம் தவறாத மனுஷன். தட்டு வைத்தேன். பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"எளைச்சிருக்கானா?" என்றார்.

இல்லை, நன்றாகத்தான் இருக்கிறான் என்றேன்.   இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டு எதையாவது கோட்டை கட்டாதே. அவர் மாறவில்லை. மாறுவார் என்று நான் உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. நடந்ததைச் சொன்னேன்.

நான் அங்கே வரப்போகிறேன் என்றும் அவரிடம் சொன்னேன். "போறதுன்னா போ. என்னக் கேக்காத" என்றார். இந்த வீட்டில் எனக்குக் கிடைத்த எல்லா அனுமதியும் இப்படித்தான் கிடைத்திருக்கிறது. அதனால் வருகிறேன்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், உன்னிடமிருந்து கற்றுக்கொண்டதுதான். நான் எதையும் ஒப்புக்கொண்டு வரவில்லை. நீ எழுதச் சொன்ன வார்த்தைகள் எல்லாம் என் பேனாவுக்குள் இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு அழுதாலும் அழுவேன். இதையெல்லாம் சரிசெய்துகொண்டு வரலாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். எப்போது சரியாவது? வீம்புக்கும் தெம்பு வேண்டும். என்னிடம் இப்போது அது இல்லை.

அந்த மாத்திரைகளைப் பற்றி நீ முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். நான் பதில் எழுதினேன், அது பதில் இல்லை என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். எழுத்தில் என்னால் முடியாது. நேரில் கேள். சொல்லத் தெரியாவிட்டாலும் எழுந்து போகமாட்டேன்.

சனிக்கிழமை காலை வண்டி. ஸ்டேஷனுக்கு வரவேண்டாம். விலாசம் இருக்கிறது, விசாரித்து வந்துவிடுவேன். மூன்று மாடிதானே, நின்று நின்று ஏறிக்கொள்கிறேன். இரண்டு நாள் தங்குவேன்.

அந்தத் தம்பிக்கு சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் வேலை இருக்குமா? இருந்தால் லீவு போடச் சொல். நான் வந்து கதவைத் தட்டும்போது அவனும் வீட்டில் இருக்கட்டும்.

அம்மா